வெள்ளி உதிர்ந்த பள்ளங்கள்: பாரசீக இழைப்புக் கலங்களின் மரபும் தரமும்

பழைய பாரசீகப் பித்தளைக் கலம் ஒன்றை நேரில் பார்க்க நேர்ந்தால், மின்னும் இடங்களை முதலில் விட்டுவிடுங்கள். வெள்ளி உதிர்ந்துபோன இடத்தைத் தேடுங்கள். எண்ணூறு ஆண்டுகளாகக் கைமாறி, தேய்த்துத் துலக்கப்பட்ட கலத்தில் அப்படியோர் இடம் இல்லாமல் இராது. அங்கே ஆழமில்லாத ஒரு பள்ளம் தெரியும். அதன் ஓரம் நெடுக, உளி நுனியால் குத்திய சின்னஞ்சிறு குழிகள் வரிசையாக ஓடும். விளிம்பு நேராக இறங்காமல் உட்புறமாகச் சற்றே குடைந்திருக்கும். பசையோ பற்றவைப்போ இல்லாமல் வெள்ளித் தகட்டைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் குடைவுதான். செய்தவருடைய கை எத்தகையது என்பதை அந்தப் பள்ளம் சொல்லிவிடும். மிச்சமிருக்கும் வெள்ளி, கலத்தின் அதிர்ஷ்டத்தைத்தான் சொல்லும்.

நம்மிடம் இந்த வேலைக்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது. மணி இழைத்த பதக்கம், முத்து இழைத்த மாலை என்கிறோம். இழை என்றால் நூல். பாரசீகக் கலைஞர்கள் தொடங்கியதும் நூல் போன்ற கம்பியில்தான். பித்தளையிலோ வெண்கலத்திலோ உளியால் ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் மெல்லிய செம்புக் கம்பியை வைத்துத் தட்டி இறக்கினார்கள். பிறகு வெள்ளிக் கம்பி வந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்பியோடு தகடும் சேர்ந்தது. உருவத்தின் அளவுக்குப் பரப்பைத் தாழ்த்தி, ஓரத்தைக் குடைந்து, வெள்ளித் தகட்டை அதில் பொருத்தி, விளிம்பை அதன்மேல் மடித்துத் தட்டினார்கள். அதோடு வேலை முடியவில்லை. பதித்த வெள்ளியின் மேல் மறுபடியும் உளியை ஓட்டிக் கண், புருவம், ஆடையின் மடிப்பு, பறவையின் இறகு எல்லாம் வரைந்தார்கள். பின்புலத்தில் கருநிறப் பூச்சை நிரப்பினார்கள். இப்படிப் பித்தளையின் மஞ்சள், வெள்ளியின் வெண்மை, செம்பின் சிவப்பு, பூச்சின் கருமை என நான்கு நிறங்களில் ஓர் ஓவியம் கலத்தைச் சுற்றி ஓடியது.

தகடு உதிர்ந்தால் அதன்மேல் வரைந்த கண்ணும் சேர்ந்து போய்விடும். அருங்காட்சியகப் படங்களில் முகமற்ற நிழல்களாகத் தெரியும் மனிதர்கள் அப்படிப் பிறந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு முகம் இருந்தது. இந்த நினைவு இல்லாமல் எந்தக் கலத்தையும் மதிப்பிடக் கூடாது என்பேன்.

இவ்வளவு மெனக்கெடலை எளிய உலோகத்தின் மேல் ஏன் செலவிட்டார்கள்? பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் குடிப்பதையும் இஸ்லாமிய மரபு விலக்குகிறது என்பது ஒரு விடை. 11ஆம் நூற்றாண்டு முதல் கிழக்கு நாடுகளில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தடையும் தட்டுப்பாடும் மட்டும் ஒரு கலையை உண்டாக்கிவிடுமா? எனக்குப் பெரிய விடையாகத் தோன்றுவது ஹெராத் நகரமும் அதன் கடைத்தெருவும்தான்.

இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹெராத், அன்று குராசான் என்ற பெருநிலத்தின் தலையாய ஊர்களில் ஒன்று. வடகிழக்கு ஈரானின் நிஷாப்பூரும் இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மெர்வும் அதே குராசானின் நகரங்கள். காலம் அமைதியான காலமன்று. செல்ஜூக் சுல்தான் சஞ்சார் 1153இல் குஸ் துருக்கியரிடம் சிறைப்பட்டார், 1157இல் இறந்தார். பேரரசு சிதறியது. அந்தச் சிதைவின் நடுவில்தான் இந்தக் கலை அதன் உச்சத்தைத் தொட்டது. அரண்மனை தளர்ந்தபோதும் வாங்குவோர் இருந்தார்கள். யார் அவர்கள் என்பதற்கு ஒரு வாளி சாட்சி சொல்கிறது.

ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வாளியைப் போப்ரின்ஸ்கி வாளி என்பார்கள். அதை முன்பு வைத்திருந்த பிரபுவின் பெயர் அது. குளியலறைக்கு எடுத்துச்செல்லும் வகையிலான கைப்பிடி வாளி, உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. கைப்பிடியில் ஹிஜ்ரி 559 முஹர்ரம் என்று பொறித்திருக்கிறது. நம் கணக்கில் 1163 டிசம்பர். விளிம்பில் நான்கு பெயர்கள். செய்யச் சொன்னவர் அப்துர் ரஹ்மான் இப்னு அப்துல்லாஹ் அல்-ரஷீதி. உருவாக்கியவர் முஹம்மத் இப்னு அப்துல் வாஹித். இழைத்தவர் ஹெராத்தின் நக்காஷ் மஸ்ஊத் இப்னு அஹ்மத். நக்காஷ் என்றால் சித்திர வேலைக்காரர். நான்காவது பெயர் கலத்தைப் பெற்றவருடையது: ரஷீதுத்தீன் அஸீஸி, சன்ஜான் ஊரைச் சார்ந்தவர். அவருக்கு இட்ட பட்டங்களில் ஒன்று ‘வணிகர்களின் பெருமை’.

இந்த நான்கு பெயர்களை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததுண்டு. வார்ப்பவரும் இழைப்பவரும் வேறு வேறு ஆட்கள். இருவருக்கும் கலத்தின் மேல் பெயர் பொறிக்கும் உரிமை. கொடுத்தவர், பெற்றவர் பெயர்களுக்குப் பக்கத்திலேயே அவர்கள் பெயரும் நிற்கிறது. பெற்றவரோ மன்னர் அல்லர், வணிகர். 1943இல் ரிச்சர்ட் எட்டிங்ஹவுசன் இந்த வாளியைப் பற்றி எழுதியபோது இந்த நகர வணிகர் உலகத்தின் மீது கவனத்தைத் திருப்பினார். அதன் பிறகு ஹெராத் கலங்களை அரண்மனைப் பொருள்களாக மட்டும் பார்ப்பது இயலாமல் போயிற்று. ஏராளமான கலங்களில் எந்தப் பெயரும் இல்லை. ‘இதன் உடையவருக்கு’ நலம், செல்வம், நீண்ட ஆயுள் என்று அரபியில் வாழ்த்து மட்டும் இருக்கும். யார் வாங்கினாலும் பொருந்தும்படி கடைக்குச் செய்து வைத்த கலங்கள் அவை.

வாளியின் உடலைச் சுற்றி ஐந்து பட்டைகள். மூன்றில் எழுத்து, இரண்டில் உருவங்கள். மேல் உருவப் பட்டையில் குடிப்போர், இசைப்போர், சொக்கட்டான் போன்ற காய் விளையாட்டில் குனிந்திருப்போர். கீழே குதிரை வீரர்கள். மேற்பட்டையின் எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். நெடுங்கோடுகளின் உச்சியில் மனிதத் தலைகள் முளைத்திருக்கும். எழுத்துக்கு உயிர் கொடுக்கும் இந்த முறை தேதியோடு கிடைப்பது இந்த வாளியில்தான் முதல்முறை என்பார்கள். வாழ்த்துச் சொற்களே எழுந்து விருந்தில் கலந்துகொள்வதுபோல இருக்கிறது; ஆனாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்த விளையாட்டு எல்லை கடந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் இருக்கும் வேட் கிண்ணத்தில் எழுத்தின் தண்டுகள் முழுக்க மனிதர்களாகவும் விலங்குகளாகவும் மாறிவிட்டன. அதைப் படித்துக் காட்ட டி. எஸ். ரைஸ் ஒரு தனி நூலே எழுத வேண்டியிருந்தது. கைத்திறன் என்று பார்த்தால் வேட் கிண்ணத்தை மிஞ்ச முடியாது. இருந்தும் என் தராசில் வாளிதான் தாழ்ந்து நிற்கும். வாழ்த்து வாசிக்கப்பட வேண்டும்.

வாளிக்கும் முந்தியது ஹெர்மிடாஜிலேயே உள்ள ஓர் எழுதுகோல் பெட்டி. ஆண்டு 1148. வெள்ளி இழைத்த குராசான் வேலையில் தேதியுள்ள மிகப் பழைய சான்று இதுவே. அதிலிருந்து வாளிக்குப் பதினைந்தே ஆண்டுகள். அதற்குள் வந்த முன்னேற்றத்தைப் பார்த்தால் ஹெராத்தின் பட்டறைகள் எத்தனை வேகத்தில் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றன என்பது விளங்கும்.

அடுத்தது 1181–82இல் ஹெராத்தின் மஹ்மூத் இப்னு முஹம்மத் செய்த நீர்க்கெண்டி. இப்போது ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் இருக்கிறது. அதன் உடலில் பாரசீகப் பாட்டு ஒன்று பொறித்திருக்கிறது. கெண்டி தன் அழகைத் தானே பாடுகிறது. தனக்கு இணை எது என்று கேட்கிறது. தன் ஊர் ஹெராத் என்றும் சொல்கிறது. ஊர்ப்பெயரே தர முத்திரையாகிவிட்ட காலம் அது. இந்தக் கெண்டியின் இனத்தைச் சேர்ந்தவை லண்டனிலும் நியூயார்க்கிலும் உண்டு. நாற்பது சென்டிமீட்டர் அளவு உயரம். பட்டைபட்டையாகப் புடைத்த உடல். தோளைச் சுற்றி அமர்ந்த சிங்கங்கள், கழுத்தில் பறவைகள். சிங்கங்களை வார்த்து ஒட்டவில்லை. அதே பித்தளைத் தகட்டை உள்ளிருந்து தட்டி எழுப்பியிருக்கிறார்கள். தகட்டைத் தட்டிக் குடம் எழுப்பத் தெரிந்த நம் கன்னாரிடம் அந்தத் தோளைக் காட்டினால், சுத்தியல் எந்த வழியாக உள்ளே போயிற்று என்றுதான் முதலில் கேட்பார். கிழியாமல் அவ்வளவு தூரம் பித்தளையை இழுக்க, தட்டுவதும் சூடாக்கிப் பதப்படுத்துவதும் எத்தனை முறை மாறி மாறி நடந்திருக்க வேண்டும்!

வார்ப்பில் இதற்கு ஈடாக நிற்பது 1206இல் செய்த பசு. இதுவும் ஹெர்மிடாஜில். பசுவின் மடியில் கன்று பால் குடிக்கிறது. முதுகில் ஒரு சிங்கம் பாய்ந்திருக்கிறது. சிங்கத்தின் உடல்தான் கைப்பிடி. நீரை ஊற்றும் பாத்திரம் இது. பசு, கன்று, சிங்கம் மூன்றையும் ஒரே வார்ப்பில் எடுத்ததாக அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இழைத்த நக்காஷின் பெயர் அலி இப்னு முஹம்மத். உடல் முழுக்க வெள்ளி இழைத்திருந்தாலும், வார்ப்புக்காரரின் பெருமிதத்தைத்தான் கலம் முதலில் பேசுகிறது. மெழுகு வார்ப்பு தெரிந்த எவரும் அந்தப் பெருமிதத்தை மறுக்க மாட்டார்.

தமிழ் வாசகர் எந்த விளக்கமும் இல்லாமல் நுழையக்கூடிய கலம் ஒன்று உண்டு: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வெஸ்கோவாலி கிண்ணம். 1200ஐ ஒட்டிக் குராசானில் செய்தது, மூடியோடு கூடியது. ஈயம் கலந்த வழக்கமான கலவை இல்லை இது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலம். இந்த உலோகத்தைப் பாரசீகத்தில் சஃபீத்ரூய் என்றார்கள். சஃபீத் என்றால் வெண்மை. நம் வெண்கலத்திலும் அதே வெண்மை இருக்கிறது. கிண்ணத்தின் உடலைச் சுற்றி பன்னிரண்டு ராசிகள், ஒவ்வொன்றும் தன் அதிபதியோடு. கடகத்துக்குச் சந்திரன், சிம்மத்துக்குச் சூரியன் என நாம் அறிந்த அதே ஆட்சி வீடுகள். கிரேக்க வழியில் வந்து இரு நாடுகளுக்கும் பொதுவாகிப்போன கணக்கு. மூடியில் எட்டு கிரகங்கள். ஏழு சரி, எட்டாவது எது? அதற்கு ஜவ்ஸஹர் என்று பெயர். சூரிய சந்திரரை விழுங்கிக் கிரகணம் உண்டாக்கும் பாம்பு. ராகு கேதுவைத் தெரிந்தவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கலைஞர்களின் கையில் சுக்கிரன் யாழ் போன்ற நரம்பு வாத்தியம் மீட்டும் பெண், புதன் எழுத்தர், செவ்வாய் வாளும் வெட்டிய தலையும் ஏந்திய வீரன். ஒரு கட்டை விரல் அகலத்துக்குள் இத்தனையும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், வெள்ளியின் மேல் ஓடிய உளி எவ்வளவு கட்டுப்பாட்டோடு ஓடியிருக்கும்!

ஹெராத்தின் தர அளவு என்று நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: பள்ளத்தின் குடைவு ஒரே சீராக இருக்க வேண்டும், வெள்ளியின் மேல் உளிக்கோடு தயங்கக் கூடாது, கலத்தைக் கையில் சுழற்றும்போது காட்சி எங்கும் அறுபடாமல் தன் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவதைப் புகைப்படம் காட்டாது. நூல்களில் நாம் பார்ப்பது ஒரு பக்கம் மட்டுமே, அதுவும் வெள்ளி பளிச்சிடும்படி விளக்கு வைத்து எடுத்தது. சுழலும் பொருளை நிறுத்திவைத்துப் பார்த்து எழுதிய தீர்ப்புகளில் பல தவறியிருக்கின்றன.

1210–11இல் ஷாதி என்ற கலைஞர் அமைச்சர் மஜ்துல் முல்க் அல்-முஸஃபருக்காக ஓர் எழுதுகோல் பெட்டி செய்தார். வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் பெட்டியில் செம்பும் வெள்ளியும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கும் அழகு தனி. அதற்குப் பத்தாண்டுகளில் மங்கோலியர் வந்தார்கள். 1221இல் மெர்வும் நிஷாப்பூரும் அழிந்தன. முதலில் சரணடைந்து, பிறகு கிளர்ந்தெழுந்த ஹெராத்தை 1222இல் அழித்தார்கள். குராசானின் பெரும் காலம் அத்தோடு அறுந்தது.

அதற்குப் பின் பெயர் பெற்ற ஊர் மொசூல், இன்றைய இராக்கில். பாரசீக நிலம் அன்று என்பதால் இங்கே விரைவாகக் கடக்கிறேன். 1232 ஏப்ரலில் ஷுஜா இப்னு மன்ஆ செய்த பிளாகா கெண்டி, மொசூலில் செய்தது என்று தானே சொல்லும் ஒரே கலம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய இப்னு சயீத், மொசூலின் இழைத்த பித்தளைக் கலங்கள் மன்னர்களுக்குப் பரிசாகப் போனதைக் குறிக்கிறார். குராசானிலிருந்து தப்பியோடியவர்கள்தான் மொசூலுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பழைய கருத்து. உள்ளூர்க் கலைஞர்களின் பங்கைச் சிறிதாக்கும் கருத்து அது. மொசூலின் காட்சிகளில் வயலும் வீடும் வேலை செய்யும் மனிதரும் வருவதைப் பார்த்தால், ஹெராத்தின் மாணவர்கள் மட்டுமே அதைச் செய்தார்கள் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான்கள் இஸ்லாத்தைத் தழுவி, தப்ரீஸ் பக்கம் அரசவை அமைத்த பிறகு, கலை மறுபடி எழுந்தது. ஆனால் குணம் மாறியது. செம்பின் சிவப்பு ஒதுங்கித் தங்கம் நுழைந்தது. கலங்கள் பெரிதாயின. 1308–09இல் ஓர் அமைச்சர் பாயஸீத் பிஸ்தாமியின் அடக்கத்தலத்துக்குக் கொடுத்த விளக்குத் தண்டின் அடிப்பகுதி போஸ்டனில் இருக்கிறது. அதன் பருமனே அந்தக் காலத்தின் ஆசையைச் சொல்லும். கடைசி பெரிய இல்கான் அபூ சயீதின் பெயர் தாங்கிய ஒரு மாபெரும் கிண்ணம் துருக்கியின் கொன்யாவில், மௌலானா ரூமியின் தலத்தில் உள்ளது. அதை நிசான் கிண்ணம் என்பார்கள். நிசான் என்றால் ஏப்ரல். ஏப்ரல் மழைநீரை அதில் பிடித்து, மௌலானாவின் தலைப்பாகை நுனியை நனைத்து, வருவோருக்கு மருந்தாகக் கொடுத்த வழக்கம் உண்டு. அரசவைக்குச் செய்த கலம் தீர்த்தக் கலமானது. அதன் வேலைப்பாட்டைவிட அதன் பிற்கால வாழ்க்கை என்னை ஈர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெற்கே ஃபார்ஸ் நாட்டில், ஷிராஸ் நகரைச் சுற்றி, வேறொரு பள்ளி. 14ஆம் நூற்றாண்டில் இன்ஜூ குடும்பமும், பின் முஸஃபரியரும் ஆண்ட நாடு. ஹாஃபிஸ் வாழ்ந்த ஊர். இங்கே செய்த கலங்களை எழுத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஆள்வோரை ‘சுலைமானின் அரசுக்கு வாரிசு’ என்று புகழ்வார்கள். காரணம் நிலத்திலேயே இருந்தது. பெர்செபோலிஸின் பெருந்தூண்களைச் சுலைமான் நபியோடும் பழைய மன்னன் ஜம்ஷீதோடும் இணைத்துப் பேசினார்கள். சைரஸ் மன்னனின் கல்லறையை சுலைமானுடைய தாயின் அடக்கம் என்றே மக்கள் அழைத்தார்கள். கண்முன் நின்ற இடிபாடுகள் பித்தளையில் பட்டமாக ஏறின. மெலிகியான்-ஷிர்வானி இந்தத் தொடரை ஆராய்ந்து ஃபார்ஸ் பள்ளியைத் துலங்க வைத்தார்.

1332–33இல் முஹம்மத் ஷா அல்-ஷிராஸி செய்த வாளியும் ஹெர்மிடாஜில்தான் இருக்கிறது. ஹெராத் வாளியோடு அதை மனத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஷிராஸில் மனிதர்கள் நெட்டையாகி, நாகரிகமாகி, சற்றே அசையாமலும் போய்விட்டார்கள். ஹெராத்தின் குடிகாரனும் இசைஞனும் இவர்களைவிடக் குள்ளம். ஆனால் உயிர் அங்கே அதிகம். ஷிராஸ் பட்டறைகள் பட்ட வரிகளைத் திரும்பத் திரும்பப் பொறித்ததில் கை பழகி மனம் தூங்கியதும் தெரிகிறது. இத்தனை குறை சொன்ன பிறகும், அவர்களுடைய கிண்ணங்களின் உள்ளடியை என்னால் மறக்க முடியாது. நடுவில் ஒரு சூரியன்; அதைச் சுற்றி நீந்தும் மீன்கள். கிண்ணம் நிறைந்திருக்கும்போது நீருக்குள் மீன் அசையும். குடித்து முடிக்கும்போது மீன்கள் கண்ணருகே வந்து நிற்கும். பயன்படுத்தினால் மட்டுமே முழுமை பெறும் அலங்காரம் அது. கண்ணாடிப் பேழைக்குள் பாதிதான் இருக்கிறது.

தைமூரின் காலம் வந்தபோது, கஜகஸ்தானில் இருக்கும் அஹ்மத் யஸவியின் தலத்துக்கு அவர் ஆணைப்படி 1397இல் பெரும் விளக்குத் தண்டுகள் செய்தார்கள். பொன்னும் வெள்ளியும் இழைத்தவைதான், ஆனாலும் கணக்கு வேறு: தொலைவிலிருந்து பார்க்கும் பிரமாண்டம். அவருடைய வாரிசுகள் ஹெராத்தைத் தலைநகராக்கிய பிறகு அளவு மறுபடி கைக்குள் வந்தது. உருண்ட வயிறும் நேரான கழுத்தும் பாம்பாய் வளைந்த கைப்பிடியும் கொண்ட சிறு குவளைகள், ஒரு சாணுக்கும் குறைந்தவை. மனித உருவங்கள் மறைந்தன. கொடிச் சுருளும் பாட்டு வரியும் பரப்பை நிறைத்தன. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே, கம்பி இழைப்புக்கே, கலை திரும்பியது. இம்முறை பொன்னும் வெள்ளியும் மயிரிழை போல் மெலிந்தன. வெறும் இடம் மிகக் குறைவு என்பது இவற்றின் மேல் எனக்குள்ள மனக்குறை. கண் ஓய்வெடுக்க ஹெராத்தின் பழைய நக்காஷ்கள் எப்போதும் கொஞ்சம் பித்தளையை விட்டு வைத்தார்கள்.

இதே வடிவில் உலுக் பெக்கின் பெயர் பொறித்த வெள்ளைப் பச்சைக்கல் குவளை ஒன்று உண்டு. அது பின்னாளில் ஜஹாங்கீரின் கைக்கும் ஷாஜஹானின் கைக்கும் வந்தது. இருவரும் தம் பெயரை அதில் பொறித்துக்கொண்டார்கள். பித்தளைக் குவளைகளில் நாம் தேடிப் படிப்பது செய்தவர்களின் பெயர்களை. 1461–62இல் ஹபீபுல்லாஹ் இப்னு அலி பஹர்ஜானி. 1497–98இல், சுல்தான் ஹுசைன் பைகராவுக்காக, முஹம்மத் இப்னு ஷம்சுத்தீன் அல்-கோரி. நக்காஷ் மஸ்ஊத் வாளியின் விளிம்பில் தன் பெயரை எழுதிய ஹெராத்தை, ஏறத்தாழ 335 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் அந்த பைகராதான்.